சுவருக்குள் ஒரு பஞ்சு மில்

துண்டு காயவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் வீட்டம்மாதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரை ஒட்டி இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் இருக்கப் போயிருந்தோம். அங்கே போனால் எனக்கு வேலை கிடையாது, அவளுக்கு உண்டு. சமையலில் பாதியும் துணி துவைப்பதில் முழுசும் அவள் கைக்குப் போய்விடும். ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஏனுங்க, அந்த டிரையருக்கு என்னமோ ஆச்சுங்க. துண்டு தொட்டா சுடுது, ஆனா ஈரம் போகல" என்றாள்.

சுடுகிறது, ஆனால் ஈரம் போகவில்லை. மில்லில் வேலை பார்த்தவனுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். சூடு இருக்கிறது, காற்று போகவில்லை என்று அர்த்தம்.

நம் ஊரில் டிரையர் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. துவைத்துப் பிழிந்த துணியை ஒரு பெரிய டிரம்மில் போட்டு மூடிவிட்டால் அது சுழலும். அடியிலோ பின்னாலோ கரண்ட் ஹீட்டரோ காஸ் அடுப்போ இருக்கும். ஒரு விசிறி வீட்டுக் காற்றையே இழுத்து, சூடாக்கி, துணிக்குள் விட்டு, ஈரத்தோடு வெளியே தள்ளும். அந்த ஈரக் காற்று நாலு அங்குலக் குழாய் வழியாகச் சுவருக்குள் போய், வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு வாய் வழியாகப் போக வேண்டும். இந்தக் குழாயைத்தான் வென்ட் என்கிறார்கள். துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்க நடுவில் ஒரு சல்லடை உண்டு. ஆனால் சல்லடை எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. கொஞ்சம் தப்பிப் போகும். அப்படித் தப்பிப் போகிற கொஞ்சம், ஈரத்தோடு சேர்ந்து குழாயின் உள்சுவரில் அப்பிக்கொள்ளும். ஏழு வருஷம், எட்டு வருஷம் என்று அப்பிக்கொண்டே இருக்கும்.

மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டால் இந்த வம்பே இல்லை என்பீர்கள். நானும் சொன்னேன். மகள் இருக்கும் குடியிருப்பில் வெளியே கொடி கட்டக் கூடாது என்று சங்கத்தின் விதி. கட்டினாலும் டிசம்பர் மாதம் துணி காயாது, விறைத்து அப்பளம் மாதிரி நிற்கும்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார், பொறுமையான மனிதர். "ஆமாங்க மாமா, போன வருஷமும் இப்படித்தான் ஆச்சு. மெஷினே நின்னு போச்சு. ரிப்பேர்காரன் வந்து தெர்மல் ஃப்யூஸ்னு ஒண்ண மாத்திட்டுப் போனான்" என்றார். அந்த ஃப்யூஸ் என்பது அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்து மெஷினை நிறுத்தும் ஒரு சின்ன உறுப்பு. அறுந்தது ஏன் என்று அந்த ரிப்பேர்காரர் கேட்டுக்கொள்ளவில்லை. புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். காவல்காரன் கத்தினான் என்று காவல்காரனை மாற்றிய கதை.

மாப்பிள்ளை அன்று ராத்திரியே வென்ட் சுத்தம் செய்யும் ஆள் ஒருவரை போனில் பிடித்து, அடுத்த சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார். நல்ல காரியம். "அதுக்குள்ள நான் ஒரு தடவை பாத்து வச்சிடறேன்" என்றேன்.

"நீங்க எதுக்குங்க மாமா? அவன் வந்து பாத்துக்குவான்."

மகள் அடுப்படியிலிருந்தே, "அப்பா, பேசாம உக்காருங்க. எழுபத்திரண்டு வயசாச்சு, மெஷினுக்குப் பின்னாடி போய் மாட்டிக்கிட்டா நான் யாரக் கூப்பிடறது?" என்றாள். பேத்தி மட்டும், "தாத்தா, நானும் வர்றேன்" என்றது. ஒன்பது வயசு. அது போதும் எனக்கு.

அவன் வந்து பார்த்துக்கொள்வான் என்ற வார்த்தை எனக்கு ஏன் ஆகாது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பார்த்த கதை.

திங்கட்கிழமை சல்லடையில் ஆரம்பித்தோம். ஒவ்வொரு தடவையும் துணி எடுத்ததும் அதிலுள்ள பஞ்சை வழித்துப் போட வேண்டும். வீட்டம்மா அதைத் தவறாமல் செய்கிறாள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. குழாயடியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் சல்லடையில் இறங்காமல் தட்டில் நிற்பதுபோல் நின்றது. பேத்திக்கு ஒரே ஆச்சரியம். அங்கே துணியோடு வாசனைக்காக ஒரு தாளைப் போட்டு உலர்த்துவார்கள். அதிலுள்ள மெழுகு மாதிரியான பூச்சு சல்லடைக் கண்ணில் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் அடைத்துவிடும். பழைய பல் பிரஷ், சோப்புத் தண்ணீர், ஐந்து நிமிஷம். தண்ணீர் இறங்கியது.

அடுத்தது நேரம். நாலு குளியல் துண்டு, கடிகாரம். ஒரு தடவை ஓடி முடிய 50 நிமிஷம் ஆனது. எடுத்தால் ஈரம். மறுபடியும் போட்டோம். 95-வது நிமிஷத்தில்தான் காய்ந்தது. அந்தச் சின்ன அறையில் கண்ணாடி வேர்த்திருந்தது. வெளியே போக வேண்டிய ஈரம் வீட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

செவ்வாய்க்கிழமை வெளியே போனோம். துவைக்கும் அறை மாடியில், இரண்டு படுக்கை அறைகளுக்கு நடுவில் இருக்கிறது. அதில் ஒன்று பேத்தியுடையது. குழாய் அங்கிருந்து தரைப்பலகைக்கு அடியில் ஓடிப் பக்கச் சுவரில், தரையிலிருந்து ஒரு பதினாலு அடி உயரத்தில் வெளியே வருகிறது. வாயில் மூன்று பிளாஸ்டிக் பட்டைகள். காற்று வந்தால் அவை ஜன்னல் பட்டைகள் மாதிரி எழும்ப வேண்டும், நின்றால் மூடிக்கொள்ள வேண்டும். டிரையரை ஓட விட்டுவிட்டு வந்து கீழே நின்று பார்த்தேன். மேல் பட்டை கொஞ்சம் அசைந்தது. நடுப் பட்டை பாதி. கீழ்ப் பட்டை அசையவே இல்லை. அதன் இடுக்கில் சாம்பல் நிறத்தில் தாடி மாதிரி ஒன்று தொங்கியது. பேத்தி போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினாள். தாடிக்குள் வைக்கோல்.

ஏணி வைக்கலாமா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து வீட்டம்மாவின் குரல். "ஏணியில கால வச்சீங்கன்னா அடுத்த பிளைட்ல நான் ஊருக்குப் போயிருவேன்."

ஏணி வேண்டாம். மில்லில் காற்றோட்டத்தைப் பார்க்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. மீட்டர் கையில் இல்லாதபோது, குழாய் வாயில் ஒரு நூல் இழையைக் காட்டுவோம். இழை எவ்வளவு நிமிர்கிறது என்பதை வைத்தே விசிறி ஒழுங்காக இழுக்கிறதா, இல்லையா என்று மேஸ்திரிகள் சொல்லிவிடுவார்கள். மகள் வீட்டில் நீளமாக இழுக்கிற ஒட்டடைக் குச்சி ஒன்று இருந்தது. அதன் நுனியில் தையல் நூலை ஒரு முழம் கட்டி, பட்டைக்கு முன்னால் பிடித்தேன். நல்ல டிரையர் என்றால் நூல் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இது சோம்பலாக ஒரு பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு போனவர் நின்று பார்த்தார். கிழவன் சுவருக்குத் தூண்டில் போடுகிறான் என்று நினைத்திருப்பார்.

புதன்கிழமைதான் மெஷினுக்குப் பின்னால் போவது. இதை மட்டும் மாப்பிள்ளை வரும்வரை நிறுத்தி வைத்திருந்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. டிரையரில் இரண்டு வகை. காஸில் ஓடுவது என்றால் நாமாக இழுக்கவே கூடாது, காஸ் குழாய் நசுங்கினாலோ கழன்றாலோ வேறு வினை. அதில் வென்ட் அடைத்தால் கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள் திரும்பலாம். மகள் வீட்டில் இருந்தது கரண்ட் வகை. அந்த நாட்டில் மற்ற பிளக்குகளில் பெரும்பாலானவை 120 வோல்ட். டிரையருக்கு 240 வோல்ட், 30 ஆம்பியர், யானைக்கால் மாதிரி ஒரு பிளக். முதலில் அதைப் பிடுங்கினோம். பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஒரு முழம் முன்னால் இழுத்தோம். நான் டார்ச் அடித்துக்கொண்டு பின்பக்கம் தலையை விட்டேன்.

மெஷினிலிருந்து சுவருக்குப் போக ஒரு குழாய் வேண்டும் அல்லவா? அங்கே இருந்தது வெள்ளிக் காகிதம் மாதிரியான மெல்லிய ஃபாயில் குழாய், ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக. மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் அது நசுங்கி, மிதிபட்ட மண்புழு மாதிரி கிடந்தது. நாலு அங்குல வழி ஓரிடத்தில் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு. சுவர் ஓரத்தில் அதை இணைத்தவர் மூன்று நீள ஸ்குரூவைக் குழாய்க்குள் முறுக்கியிருந்தார். அவற்றின் நுனிகள் உள்ளே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. பஞ்சு மாட்டிக்கொள்வதற்கென்றே வைத்த ஆணிகள். குழாயைச் சுற்றி, தரையில், மெஷினின் முதுகில், எங்கும் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு படலம்.

கையில் எடுத்தேன். இரண்டு விரலால் கசக்கி மூக்கருகே கொண்டுபோனேன். லேசாகக் கருகின வாடை.

மாப்பிள்ளை, "என்னங்க மாமா, உடம்பு எதாச்சும் பண்ணுதா?" என்று கேட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. அன்றைக்குத்தான் அவரிடம் அதைச் சொன்னேன். நாற்பத்துச் சொச்சம் வருஷமாக வீட்டில் யாரிடமும் சொல்லாதது.

எழுபதுகளின் கடைசியில் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் புளோ ரூம் சூப்பர்வைசராக இருந்தேன். பெயர் வேண்டாம், மில்லும் இப்போது இல்லை. பஞ்சுப் பொதியைப் பிரித்து, முள் உருளைகளில் அடித்து, தூசியும் விதைத் தூளும் போக்குகிற இடம் புளோ ரூம். பிரியும் தூசி பெரிய தகரக் குழாய்களில் இழுக்கப்பட்டுப் பின்னால் உள்ள தூசி அறைக்குப் போகும. அந்தக் குழாய்களில் அங்கங்கே கையகலக் கதவுகள் உண்டு. வார விடுமுறை அன்று கதவுகளைத் திறந்து உள்ளே படிந்ததைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுத்ததும் சூப்பர்வைசர் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு வாரம் நான் பார்க்கவில்லை. அன்றைக்கு ஊரில் ஒரு கல்யாணம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "எல்லாம் ஆச்சுங்க" என்று சுத்தம் செய்தவர்கள் சொன்னார்கள். ஆச்சு என்றால் ஆச்சு. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவர்கள் முன்னால் இருந்த கதவுகளைச் செய்துவிட்டு, கைக்கு எட்டாத பின்பக்க வளைவை விட்டுவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பத்து நாள் கழித்து ராத்திரி ஷிப்டில், பொதி கட்டி வரும் இரும்புப் பட்டையின் துண்டு ஒன்று பஞ்சோடு போய் முள் உருளையில் பட்டுப் பொறி பறந்தது. பொறி பறப்பது புளோ ரூமில் நடக்கிறதுதான். அடித்து அணைத்துவிடுவார்கள். இந்தப் பொறி குழாய்க்குள் போய், அந்த வளைவில் இருந்த பஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பஞ்சுத் தூசி எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது விறகு மாதிரி எரியாது. குழாயின் உள்ளே ஒரு கோடு மாதிரி ஓடும். புகை வருவதைப் பார்த்த எங்கள் ஜாபர், என்னைவிட இருபது வயசு மூத்தவர், அணைக்கலாம் என்று அந்தக் கதவைத் திறந்தார். காற்று உள்ளே போன வேகத்தில் நெருப்பு வெளியே வந்தது. இரண்டு முன்கையும் வெந்துவிட்டது.

விசாரணையில் இரும்புத் துண்டு என்று எழுதினார்கள். அது பொய் இல்லை. பதிவேட்டை யாரும் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். கையெல்லாம் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், அந்தக் காலத்து மனிதர். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவரே முந்திக்கொண்டு, "நீங்க என்னங் சார் பண்ணுவீங்க. நீங்க பாத்துத்தானுங்களே கையெழுத்துப் போட்டிருப்பீங்க" என்றார்.

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். விரல்கள் முழுசாக மடங்காது. இலகுவான வேலை கொடுத்தார்கள். ரிடையர் ஆகும்வரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டார்.

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். "குழாய்க்குள்ள போனை விட்டு வீடியோ எடுத்துப் பாக்கலாங்களா மாமா?" என்றார். எடுத்தோம். சுவருக்குள் தெரிந்த வரைக்கும் உள்சுவர் முழுக்க விரல் கனத்துக்குப் பஞ்சு. முதல் வளைவில் நடுவழி ஒரு எலுமிச்சம்பழம் போகும் அளவுக்குத்தான் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் என்ன என்று தெரியவில்லை.

டேப் வைத்து மாடித் தரையில் அளந்தோம். சுவரிலிருந்து சுவருக்கு 18 அடி, இரண்டு செங்கோண வளைவு. அங்குள்ள வீட்டுக் கட்டட விதிப்படி 35 அடி வரை குழாய் போகலாம். ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் 5 அடி கழித்துக்கொள்ள வேண்டும். ஆக 25 அடி வரை பரவாயில்லை. கட்டியவர் மேல் குற்றமில்லை. குற்றம் பிறகு வந்து சேர்ந்தது.

அன்று ராத்திரி மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் தேடி, அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் அறிக்கை ஒன்றைக் காட்டினார். 2008 முதல் 2010 வரையிலான கணக்கு. வருஷத்துக்கு ஏறக்குறைய 2,900 வீட்டு டிரையர் தீ விபத்துகள், 5 சாவு, 100 பேருக்குக் காயம். காரணங்களில் முதல் இடம் சுத்தம் செய்யாததற்கு, 34 சதவீதம். மகள் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். அதற்கப்புறம் "பேசாம உக்காருங்க" என்று சொல்லவில்லை. சனிக்கிழமை வரைக்கும் டிரையரைத் தொடக் கூடாது என்று சொன்னதையும் கேட்டுக்கொண்டாள். மூன்று நாள் வீடு முழுக்க நாற்காலி முதுகிலும் படிக் கைப்பிடியிலும் துணி தொங்கியது. எங்கள் ஊர் மழைக்காலம் மாதிரி இருந்தது எனக்கு.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதினேன். பேத்தி இங்கிலீஷில் திருத்தி எழுதினாள், கையெழுத்தும் அவளுடையதுதான் நன்றாக இருக்கும். காயும் நேரம் 95 நிமிஷம். வெளிவாயில் கீழ்ப் பட்டை அசையவில்லை, வைக்கோல் தெரிகிறது. மெஷின் பின்னால் ஃபாயில் குழாய் நசுங்கல். ஸ்குரூ மூன்று. முதல் வளைவில் அடைப்பு. நீளம் 18 அடி. அடியில் ஒரு டிரையர் படம் வரைந்து அதற்குக் கண்ணும் வாயும் போட்டாள். வாயில் பிளாஸ்திரி.

சனிக்கிழமை வந்தவர் நாற்பது வயசுக்காரர், கறுப்பர், நல்ல உயரம். வேனிலிருந்து சுழலும் நீளப் பிரஷ், வாக்குவம், ஏணி எல்லாம் இறங்கின. மாப்பிள்ளை தாளைக் கொடுத்தார். எங்கே, கிழவனின் பட்டியலைப் பார்த்து முகம் சுளிப்பாரோ என்று நான் தள்ளியே நின்றேன். அவர் நின்று நிதானமாகப் படித்தார். வைக்கோல் என்ற இடத்தில் விரலை வைத்து, "இதை முன்னாலேயே சொன்னது நல்லது" என்றார். வழக்கமாக அவர் உள்ளே இருந்து பிரஷ்ஷை விட்டுச் சுழற்றி வெளியே தள்ளுவாராம். வாயில் கூடு இருப்பது தெரியாமல் அப்படித் தள்ளினால் பஞ்சும் வைக்கோலும் வாயில் போய்க் கட்டியாக இறுகிவிடும். சில சமயம் சுவருக்குள் குழாயின் இணைப்பே பிரிந்துபோகும். பிரிந்தால் அப்புறம் பஞ்சு முழுக்கத் தரைப்பலகைக்கு அடியில் கொட்டும், வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

அதனால் ஏணியில் ஏறி முதலில் வாயைக் கழற்றினார். கூடு வந்தது. இரண்டு கை நிறைய வைக்கோல், இறகு, கேக் பெட்டி கட்டுகிற ரிப்பன் துண்டு, நம் பஞ்சு. முட்டையோ குஞ்சோ இல்லை, அக்டோபர் மாதம் அல்லவா. சிட்டுக்குருவிக் கூடு என்றார். நம் சிட்டுக்குருவியேதான். 1850களில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நியூயார்க்கின் புரூக்ளினில் விட்டார்களாம், இன்றைக்கு நாடு முழுக்கக் குடித்தனம் நடத்துகிறது. நம் ஊரில் காணோம் காணோம் என்று தேடுகிறோம். இங்கே வந்து வெந்நீர்க் காற்று வரும் இடமாகப் பார்த்து வீடு கட்டியிருக்கிறது.

பிறகு உள்ளே இருந்து பிரஷ். வந்த பஞ்சு ஒரு பெரிய குப்பைப் பையில் முக்கால் பாகம். பேத்தி அதைத் தலையணை என்றாள்.

பழைய ஃபாயில் குழாயை மறுபடி மாட்ட முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கடைக்கு ஓடி, விறைப்பான அலுமினியக் குழாய் வாங்கி வந்தார். தேவையான நீளத்துக்கு வெட்டி, ஸ்குரூ இல்லாமல் வளையப் பூட்டு போட்டு இறுக்கினார்கள். மெஷினைச் சுவரிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளி நிறுத்தித் தரையில் ஒரு கட்டையும் வைத்தார் மாப்பிள்ளை, யாரும் மறதியாகத் தள்ளிவிடாமல் இருக்க.

எல்லாம் ஆனதும் அவர் ஒரு பலகையில் காகிதத்தை வைத்து நீட்டினார். வேலை திருப்தியாக முடிந்தது என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை பேனாவை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "மாமா, பாத்துட்டீங்களா?" என்றார்.

தமிழில் கேட்டதால் வந்தவருக்குப் புரியவில்லை. நான் டிரையரை ஓட விடச் சொல்லிவிட்டு, ஒட்டடைக் குச்சியை எடுத்துக்கொண்டு பக்கச் சுவருக்குப் போனேன். நூல் இன்னும் அதில்தான் கட்டியிருந்தது. மேலே மூன்று பட்டையும் படுக்கைவாட்டில் எழும்பி நின்றன. குச்சியை உயர்த்தினேன். நூல் நேராக நீட்டிக்கொண்டு துடித்தது. துவைத்த துணியின் வாசனை கீழே வரைக்கும் வந்தது. வந்தவரும் பின்னால் வந்து நின்று பார்த்தார். நூலைக் காட்டி, "இது எங்கே கற்றுக்கொண்டது?" என்று கேட்டார். "மில்லில்" என்றேன். ரொம்பச் சரி என்பதுபோலத் தலையாட்டினார்.

நான் உள்ளே வந்து சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் நாலு துண்டும் 42 நிமிஷத்தில் காய்ந்தன. மகள் அடுத்த வருஷக் காலண்டரில் அக்டோபர் மாதத்தில் வென்ட் என்று எழுதி, பக்கத்தில் "அப்பா பாக்கணும்" என்றும் எழுதினாள். நான் அந்த அக்டோபரில் கோயமுத்தூரில் இருந்தேன். மாப்பிள்ளை வீடியோ காலில் கூப்பிட்டு, ஒட்டடைக் குச்சியைப் பேத்தி கையில் கொடுத்து, பட்டைக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். படம் கொஞ்சம் ஆடியது. "கிட்டக் காட்டு கண்ணு" என்றேன். காட்டினாள். நூல் நிமிர்ந்துதான் இருந்தது.